அத்திக்காயின் வாசலை அடைத்த மலையணில்

கிட்டே வந்து உட்காருங்கள், பிள்ளைகளே. இன்னும் கொஞ்சம் கிட்டே. கடைசியில் இருக்கிறவர்களும் நகர்ந்து வாருங்கள். இந்தக் கதையில் ஒருத்தி வருகிறாள், அவள் எள்ளில் பாதிதான் இருப்பாள். தூரத்தில் இருந்தால் உங்கள் கண்ணுக்கு அகப்படமாட்டாள்.

ஒரு காட்டில், மலையிலிருந்து ஓடி வந்த ஆறு கொஞ்சம் நின்று மூச்சு வாங்கிக்கொள்கிற இடத்தில், ஒரு பெரிய அத்திமரம் இருந்தது. அந்த மரத்தில் செம்பி என்று ஒரு மலையணில் குடியிருந்தாள். உங்கள் வீட்டுச் சுவரில் ஓடுகிற மூன்று கோட்டு அணிலை நினைத்துக்கொள்ளாதீர்கள். இவள் பூனையளவு இருப்பாள். முதுகு செம்பு நிறம், வயிறு வெண்ணெய் நிறம், வாலோ உடம்பைவிட நீளம். ஒரு கிளையில் படுத்தால் வால் அடுத்த கிளையை எட்டிப் பார்க்கும்.

மலையணில் தரையில் இறங்காது. கிளையிலிருந்து கிளைக்குத் தாவியே ஒரு காட்டைச் சுற்றி வந்துவிடும். ஆனால் ஆற்றை மட்டும் தாண்ட முடியாது. அக்கரையிலும் ஓர் அத்திமரம் நின்றது. செம்பி உச்சிக் கிளையில் ஏறி நின்றால் அது பச்சையாக ஒரு குவியல் போலத் தெரியும். அவ்வளவுதான். அதற்கு மேல் அவளுக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது.

செம்பியிடம் என்ன குறை என்று கேட்டால் ஒரே ஒரு குறைதான். அடுத்தவருக்கு ஒன்று கிடைத்தால் அவளுக்கு வயிறு எரியும். இருவாட்சிப் பறவை இறக்கையைப் புஸ்புஸ்ஸென்று அடித்துப் பறந்து போனால், "பறக்கிறதை ஊருக்கெல்லாம் சொல்லிக்கிட்டே பறக்கணுமாக்கும்" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள். மழை பெய்தால், முதல் துளி உச்சி இலையில் விழுந்துவிட்டதே, தன் முதுகில் விழவில்லையே என்று அதற்கும் ஓர் எரிச்சல்.

ஆனாலும் அவளுக்கு ஒரு பெருமை இருந்தது. அந்த மரத்தில் பழுக்கிற பழத்தை முதலில் கடிப்பவள் அவள்தான். அவள் கடித்த பிறகுதான் மந்தி வரும், இருவாட்சி வரும், குக்குறுவான் வரும். கீழே விழுவதைக் காட்டுப்பன்றி தின்னும்.

"இந்த மரத்துலே என் பல்லு படாத பழத்தை எவனும் தின்னதில்லே" என்பாள்.

அந்த வருஷம் மாசி மாதம் அத்தி காய்த்தது. அடிமரத்திலும் பெருங்கிளைகளிலும் கொத்துக் கொத்தாகக் காய்கள் ஒட்டிக்கொண்டு நின்றன. செம்பி அப்போது வயிற்றுப்பிள்ளைக்காரி. சித்திரையில் குட்டி பிறக்கும். சித்திரையில் அந்தக் காட்டில் வேறு எந்தப் பழமும் கிடையாது. புல் காய்ந்திருக்கும், இலை உதிர்ந்திருக்கும், அத்தி ஒன்றுதான் பழுக்கும். அத்தி பழுத்தால் தாய்க்குப் பால் சுரக்கும், குட்டி பிழைக்கும். இல்லாவிட்டால் இல்லை.

அதனால் அவள் தினமும் காலையில் ஒவ்வொரு கொத்தையும் முகர்ந்து பார்த்துக்கொண்டு வந்தாள். அப்படி வரும்போதுதான் அவளைப் பார்த்தாள்.

கறுப்பாக, எள்ளில் பாதி. குளவி இனம்தான். ஆனால் கொட்டுகிற குளவியில்லை, அத்திக் குளவி. அத்திக்காயின் அடியில், காம்புக்கு எதிர்ப்பக்கம், தொப்புள் போல ஒரு சின்னக் குழி இருக்கும். அந்தக் குழியில் தலையை வைத்து இந்தப் பொடிசு முட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏய், யாரடி நீ? யாரைக் கேட்டு உள்ளே போறே?" என்றாள் செம்பி.

"மரத்தைக் கேட்டுத்தான் அக்கா" என்றாள் அவள், தலையை எடுக்காமலே. "அதுதானே கூப்பிட்டுது. அது விட்ட வாசம் ஆத்துக்கு அந்தப் பக்கம் வரைக்கும் அடிக்குதே."

"மரம் கூப்பிட்டுதா? உன்னையா?"

"ஆமாக்கா."

செம்பி பிறந்தது இந்த மரத்தில். கண் திறந்தது இந்த மரத்தில். ஒருநாளாவது இந்த மரம் அவளை 'வா' என்று கூப்பிட்டதுண்டா?

"உள்ளே போய் என்ன செய்யப் போறே?"

"பூவெல்லாம் உள்ளேதானே இருக்கு. பக்கத்து மரத்துப் பூந்தூள் கொண்டாந்திருக்கேன், அதைப் பூசணும். அப்புறம் முட்டை வைக்கணும். கொஞ்சம் தள்ளி நில்லுக்கா. எனக்கு இருக்கிறது இந்த ஒரு பகல்தான்."

"எப்போ வெளியே வருவே?"

"வரமாட்டேன்" என்றாள் பொடிசு.

முட்டி முட்டி, நெளிந்து நெளிந்து, உள்ளே நுழைந்துவிட்டாள். வாசல் அவ்வளவு நெருக்கம். அவளுடைய இறக்கைகள் எல்லாம் பிய்ந்து வெளியிலேயே ஒட்டிக்கொண்டன.

செம்பி அந்த இறக்கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பார்க்கப் பார்க்க அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வீட்டுக்காரி வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போவதில்லையா, அப்படியல்லவா போயிருக்கிறாள்! திரும்பி வரமாட்டாளாம். இங்கேயே குடியிருக்கப் போகிறாளாம்!

தன் மூக்கைக் கொண்டுபோய் அந்தக் குழியில் வைத்துப் பார்த்தாள். மூக்கு போகவில்லை. மீசை மயிர் ஒன்றைக் கொடுத்துப் பார்த்தாள். அதுவும் போகவில்லை.

"எனக்கு ஒரு கதவும் வைக்கலே. அவளுக்கு மட்டும் காய்க்கு ஒரு கதவு" என்று முணுமுணுத்தாள்.

அடுத்த காயில் இன்னொருத்தி முட்டிக்கொண்டிருந்தாள். அதற்கடுத்த காயில் இன்னொருத்தி. அன்று காலையில் மட்டும் ஏழெட்டுக் காய்களின் வாசலில் இறக்கைகள் கிடந்தன.

மேல்கிளைப் பொந்தில் குக்குறுவான் குடியிருந்தான். பச்சை உடம்பு, தடித்த அலகு, அலகைச் சுற்றி முள் முள்ளாக மீசை. பகல் முழுக்கக் 'குக்குறு, குக்குறு' என்று பேசிக்கொண்டே இருப்பான். ஆனால் பேச்சுக்கு நடுவில் யோசிக்கவும் தெரிந்தவன்.

செம்பி அவனிடம் ஓடினாள்.

"அண்ணே, ஒண்ணு கேட்கிறேன், மறைக்காமச் சொல்லு. இந்த மரத்துக்கு யார்மேல பிரியம் அதிகம்?"

"மரத்துக்குப் பிரியம் ஏது புள்ளே? அதுக்கு அதோட வேலை."

"அப்போ அந்தப் பொடிசுக்கு மட்டும் எதுக்குக் கதவு?"

குக்குறுவானுக்குப் புரிந்துவிட்டது. அலகைக் கிளையில் ஒரு தேய் தேய்த்துவிட்டுச் சொன்னான். "இங்கே பாரு செம்பி. நான் கொத்திப் பார்க்காத காயில்லே. அவ உள்ளே போன காய்தான் பழமாகும். போகாத காய் பிஞ்சிலேயே விழும். அவ வழியிலே நீ போகாதே."

"அவ உனக்கு என்ன கொடுத்தா?"

"யாரு?"

"அவளுக்காக இப்படிப் பேசுறியே, என்ன கொடுத்தான்னு கேட்டேன்."

"நல்ல புத்தி வேணும்னா நாளைக்கு வா. இன்னைக்கு உன் காது அடைச்சிருக்கு" என்று குக்குறுவான் பொந்துக்குள் போய்விட்டான்.

செம்பி போனது புத்தி தேடியல்ல. ஆற்றங்கரையில் ஒரு வேங்கைமரம் இருந்தது. அதன் பட்டையைக் கடித்தால் ரத்தம் போலச் சிவப்பாகப் பிசின் வடியும். காய்ந்தால் கல்லாகிவிடும். அதைக் கடித்தாள். வடிந்த பிசினை வாயில் வாங்கிக்கொண்டு கிளை கிளையாகத் தாவி வந்தாள். ஒரு காயின் வாசலில் அப்பினாள். அடுத்ததில் அப்பினாள். மறுபடி வேங்கைக்கு ஓடினாள்.

ஒருநாள் வேலையா அது? மூன்று நாள். வயிற்றில் குட்டியை வைத்துக்கொண்டு, சரியாகத் தின்னாமல், வெயில் பாராமல், இடையில் வந்த பொடிசுகளை வாலால் விரட்டிக்கொண்டு மூன்று நாள் ஓடினாள். ஒருத்தி மேல் வைத்த எரிச்சல், பாருங்கள், எவ்வளவு வேலை வாங்குகிறது.

மூன்றாம் நாள் சாயங்காலம் காட்டுப்பன்றி வந்து மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தது. வயசான ஆண் பன்றி. தன்மையாகப் பேசும்.

"ஏனுங்க அம்மணி, காய்க்கெல்லாம் பொட்டு வெச்சிருக்கீங்க? மரத்துக்கு ஏதாச்சும் கல்யாணமுங்களா?"

"கல்யாணம் இல்லே மாமா. கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டிருக்கேன்."

"காய்க்கு எதுக்குங்க தாழ்ப்பாள்? யாராச்சும் திருட வாறாங்களா?"

"திருட வந்தாக்கூடப் பரவாயில்லையே. குடியிருக்கவல்லவா வர்றாளுக!"

"இருந்துட்டுப் போகட்டும் விடுங்க. நமக்கென்னங்க, பழம் விழுந்தாச் சரி."

"கீழே நின்னு வாயைத் திறக்கிறவங்களுக்கு மேலே இருக்கிறவ வலி எங்கே தெரியப்போகுது?" என்றாள் செம்பி. பன்றிக்குப் பேசித் தோற்கிற பழக்கம் இல்லை. போய்க் கிழங்கு தோண்டியது.

மறுநாள் காலை பொடிசுகள் வந்தார்கள். மரம் வாசம் விட்டுக்கொண்டுதானே இருந்தது, அதனால் வந்தார்கள்.

"அக்கா, கதவு திறக்கலையே."

"திறக்காது."

"அக்கா, மத்தியானம் ஆயிருச்சு. எங்களுக்கு இந்த ஒரு பகல்தான்."

"அதுக்கு நான் என்ன செய்ய? மரத்தைக் கேளு. உங்களுக்குத்தான் அது சொந்தமாச்சே."

காய்க்குக் காய் பறந்து, பிசினை முட்டி முட்டி, பொழுது சாய்ந்தபோது தவிட்டைத் தூவினது போல அவர்கள் தரையில் உதிர்ந்தார்கள். மேலிருந்து பார்த்த செம்பிக்குத் தவிடுகூடத் தெரியவில்லை. சத்தம் அடங்கிவிட்டது என்பது மட்டும் தெரிந்தது.

"போய்த் தொலைஞ்சாளுக" என்று வாலை முதுகில் போட்டுக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினாள்.

பத்து நாள் ஆகியிருக்கும். ஒரு காலை 'பொத்'தென்று ஒரு சத்தம். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு 'பொத்'. பிறகு மழை தொடங்கினது போலப் பொத்துப் பொத்தென்று கேட்டது. மேல்கிளைக் காய்கள் பச்சைப் பிஞ்சாகவே விழுந்துகொண்டிருந்தன.

பன்றி ஓடி வந்து ஒன்றைக் கடித்தது. உடனே துப்பியது.

"என்னங்க அம்மணி இது? உள்ளே ஒண்ணுமே இல்லீங்க. வெறும் சக்கை."

செம்பி ஒரு காயைப் பிடுங்கிப் பிளந்தாள். உள்ளே வெள்ளையாக, காய்ந்து, பொக்கையாக இருந்தது. விதையில்லை, சாறில்லை, வாசமில்லை. இன்னொன்றைப் பிளந்தாள். அதுவும் அப்படியே. வயிற்றுக்குள் குட்டி ஒரு உதை உதைத்தது.

குக்குறுவான் பறந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"இப்பவாவது பாரு செம்பி. அன்னைக்குக் காலையிலே அந்தப் பொடிசுக போன ஏழெட்டுக் காய் இருக்கே, அது மட்டும் விழலே. நல்லாத் திரண்டு நிக்குது. பார்த்தியா?"

செம்பி பார்த்தாள். உண்மைதான். அந்த ஏழெட்டும் காம்பு தடித்து, கன்னம் உப்பி நின்றன. எந்தக் கண்ணும் அதைப் பார்த்தால் விஷயம் புரிந்துவிடும். எரிகிற கண்ணுக்கு அது வேறு விதமாகத் தெரிந்தது.

"பார்த்தியா அண்ணே, பார்த்தியா! அவ இருக்கிற வீட்டை மட்டும் மரம் விடாமப் புடிச்சிருக்கு. மத்ததையெல்லாம் உதறுது. அவளை நினைச்சு ஏங்குது! அவ வரலேன்னு எனக்குப் பட்டினி போடுது!"

"ஏம்மா, பிசினை எடுத்துவிட்டாச் சரியாப் போயிரும். அடிமரத்துக் காயெல்லாம் பின்னாடி காய்ச்சது. அது இன்னும் விழலே. இன்னும் நாலஞ்சு நாள் தாங்கும்."

"எடுக்கமாட்டேன். அவ வந்து என் காலைப் புடிச்சுக் கேட்கட்டும்."

"அவளுக்குப் புடிக்கக் கையேது? உனக்குப் பிள்ளை வேணுமா, வேண்டாமா?"

"வேணும். ஆனா அவ தயவுலே வேண்டாம்!" என்று சொல்லிவிட்டுச் செம்பி அழுதாள். அழுதுகொண்டே, ஒரு காயில் பிசின் விரிசல் விட்டிருந்ததைப் பார்த்து, அதை அழுத்தி அடைத்தாள்.

குக்குறுவான் இதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் சித்திரையில் குஞ்சு பொரியும். அந்தக் குஞ்சுகளுக்கும் இதே பழம்தான். நியாயம் சொல்லியாயிற்று, கண்ணால் காட்டியாயிற்று, பிள்ளையைச் சொல்லியும் பார்த்தாயிற்று. இவளை ஓட்டுவது புத்தியில்லை, எரிச்சல். அப்படியானால் அதைத்தான் பிடித்துத் திருப்ப வேண்டும். அலகை இந்தப் பக்கம் ஒரு தேய், அந்தப் பக்கம் ஒரு தேய் தேய்த்தான். ஆற்றைத் தாண்டி அக்கரைக்குப் பறந்து போனான்.

மத்தியானம் திரும்பி வந்தான். செம்பிக்கு எதிரே உட்கார்ந்தான். சிரிப்பை அடக்குகிறவன் போல உடம்பைக் குலுக்கினான்.

"என்ன சிரிப்பு?" என்றாள் செம்பி.

"ஒண்ணுமில்லே."

"ஒண்ணுமில்லாததுக்கா அலகு இப்படிக் கோணுது? எங்கே போயிட்டு வந்தே?"

"அக்கரைக்கு. வேண்டாம் விடு. மாசமா இருக்கிறவகிட்டே சொல்ற சேதியில்லே."

"அண்ணே, சொல்லப் போறியா, இல்லே உன் பொந்துக்கும் பிசின் வைக்கட்டா?"

குக்குறுவான் பெருமூச்சு விட்டான். "அக்கரை அத்தியிலே ஓர் அணில் இருக்கா. உன் இனம்தான். வால் நுனி மட்டும் வெள்ளை."

செம்பியின் காது இரண்டும் நிமிர்ந்தன. "அழகா இருப்பாளா?"

"இருப்பா."

"என்னைவிடவா?"

"அதை விடு. அவ உனக்கு ஒரு கும்பிடு போட்டா."

"எனக்கா? அவளுக்கு என்னை எப்படித் தெரியும்?"

"உன்னாலே வாழறவளுக்கு உன்னைத் தெரியாமப் போகுமா? 'அந்தக் கரை அக்கா மகராசியா இருக்கணும். அவ கதவை அடைச்ச நாள்லேருந்து பொடிசுகளெல்லாம் எங்கிட்டேதான் வருதுக. காய்க்கு நாலு பேர் வரிசையிலே நிக்கிறாங்க. என் மரத்துலே ஒரு காய்கூடக் கீழே விழலே'ன்னு சொன்னா."

செம்பியின் வால் மயிர் சிலிர்த்துக்கொண்டது. "அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்லே."

"அப்புறம்னு கேட்டேன்!"

"சொன்னா வருத்தப்படுவே. 'அக்கா மரத்துலே காய் கொட்டுதாமே, பாவம், புள்ளத்தாச்சி'ன்னா. 'சித்திரையிலே பழம் மிஞ்சும். என் பிள்ளைக தின்னுட்டுப் போட்ட எச்சிலை ஆத்துலே உருட்டிவிடறேன், அக்கா பிள்ளைக்கு ஆகும்'னா."

செம்பி கிளையை நகத்தால் பிறாண்டினாள்.

"எச்சிலா? என் பிள்ளைக்கு? இந்த மரத்துலே முதல் கடி கடிக்கிறவ பிள்ளைக்கு, எவளோ ஒரு வெள்ளைவால்காரி எச்சிலா?"

அவ்வளவுதான். அங்கிருந்து ஒரே தாவில் அடிமரத்துக்கு வந்து விழுந்தாள். பிசினைப் பல்லால் கடித்தாள், நகத்தால் கெல்லினாள். மூன்று நாள் வைத்ததை ஒரு பகலில் எடுத்தாள். மீசையில் பிசின், உதட்டில் பிசின், இரண்டு நகம் ஒடிந்து போயிற்று. அந்த ஏழெட்டைத் தவிர மேல்கிளைக் காய்கள் எல்லாம் விழுந்து முடிந்திருந்தன. அடிமரத்துக் காய்கள் மட்டும்தான் மிச்சம். ஒன்று விடாமல் திறந்துவிட்டாள்.

பிறகு ஆற்றைப் பார்த்து நின்றுகொண்டு கத்தினாள். "ஏ பொடிசுகளா! இங்கே வாங்கடி! அங்கே எதுக்கு வரிசையிலே நிக்கிறீங்க? இங்கே எல்லாக் கதவும் திறந்திருக்கு!"

கீழே பன்றி அண்ணாந்து பார்த்தது. "அம்மணிக்கு என்னங்க ஆச்சு?" என்று மெதுவாகக் கேட்டது.

"குணமாயிட்டு வருது" என்றான் குக்குறுவான்.

மறுநாள் காலை ஒருத்தி வந்தாள். பின்னாலேயே நாலைந்து பேர் வந்தார்கள். வெயில் ஏறும்போது அடிமரமே கறுப்புத் தூள் தூவினது போல ஆயிற்று.

"கொஞ்சம் தள்ளி நில்லுக்கா" என்றாள் ஒருத்தி.

"தள்ளித்தான் நிக்கிறேன், நீ போ தாயி" என்றாள் செம்பி. எந்த வாயால்? அதே வாயால்தான். ஒரு சிலந்தி வலை கட்ட வந்தபோது அதை விரட்டியடித்தாள். பூச்சி பிடிக்க வந்த தட்டானை வாலால் அடித்தாள். நடுநடுவே உச்சிக்கு ஏறிப்போய், அக்கரைக்கு யாராவது பறக்கிறார்களா என்று பார்த்துவிட்டு வந்தாள்.

வாசல்களில் இறக்கைகள் குவிந்தன. ஒரு காயும் விழவில்லை. பங்குனி வெயிலில் காடே கருகினபோது, அடிமரத்துக் காய்கள் மட்டும் நாளுக்கு நாள் திரண்டன. சித்திரை பிறந்து மூன்றாம் நாள் செம்பிக்கு ஒரு குட்டி பிறந்தது. தாய் நிறம், தாய் வால்.

காய்கள் சிவக்கத் தொடங்கின. பழமாகிற தறுவாயில் அவற்றின் தோலில் பொட்டுத் துளை விழுந்தது. உள்ளே பிறந்த பொடிசுகள், இறக்கை முளைத்து, உடம்பெல்லாம் மஞ்சள் தூள் பூசிக்கொண்டு, அந்தத் துளை வழியாகத் திமுதிமுவென்று வெளியே வந்தார்கள். வந்தவர்கள் நேரே ஆற்றைப் பார்த்துப் பறந்தார்கள்.

செம்பி கூட்டிலிருந்து பாய்ந்து வந்தாள். "அண்ணே! இதுக எங்கே போகுதுக? நான் கதவு திறந்து, காவல் காத்து வளர்த்ததுக! அந்த வெள்ளைவால்காரி மரத்துக்கா போகுதுக? விடமாட்டேன். வேங்கைக்குப் போறேன், பிசினைக் கொண்டாறேன்."

குக்குறுவானுக்குப் பக்கென்றது. ஆனால் அலகு நிதானமாகத்தான் பேசியது.

"போகட்டும் விடு புள்ளே. எப்படிப் போகுதுக பாரு, மேலெல்லாம் மஞ்சள் பூசிக்கிட்டு. உன் வீட்டுப் பிள்ளைக எவ்வளவு செழிப்புன்னு அவ கண்ணாலே பார்க்கட்டுமே. பார்த்து எரியட்டுமே. நீ அடைச்சு வெச்சா, 'அக்கா வீட்லே ஒண்ணுமே பிறக்கலே'ன்னுல்ல நினைப்பா?"

செம்பி நின்றாள். யோசித்தாள். மெல்ல மெல்ல அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது.

"ஆமாம். பார்க்கட்டும். நல்லாப் பார்க்கட்டும். ஏய், கூட்டமாப் போங்கடி! சிதறிப் போகாதீங்க, எண்ணிக்கை குறைவாத் தெரியும்!"

அந்த வாரம் பழம் பழுத்தது. செம்பிதான் முதல் கடி கடித்தாள். தேன் ஒழுகியது. கூட்டுக்குள் குட்டி பால் குடித்து வயிறு உருண்டு கிடந்தது. மந்தி வந்தது, இருவாட்சி வந்தது. கீழே பன்றி கண்ணை மூடிக்கொண்டு தின்றது. குக்குறுவானின் பொந்திலிருந்து மூன்று குஞ்சுகள் வாயைப் பிளந்தன. மேல்கிளை மட்டும் அந்த வருஷம் ஏறக்குறைய மொட்டையாகவே நின்றது.

எல்லாரும் தின்று முடித்த ஒரு காலையில், செம்பி அடிமரத்தை மேலும் கீழும் ஓடிப் பார்த்து, இருந்ததிலேயே பெரிய பழமாக, சிவந்த பழமாக ஒன்றைப் பறித்தாள். ஒரு சின்னக் கடி கடித்தாள். குக்குறுவானிடம் நீட்டினாள்.

"அண்ணே, இதை அக்கரைக்குக் கொண்டுபோய் அவகிட்டே கொடு."

"கடிச்சிருக்கே?"

"வேணும்னுதான் கடிச்சேன். என் எச்சில்னு சொல்லு. தின்னு பார்க்கச் சொல்லு. முகம் எப்படிப் போகுதுன்னு நல்லாப் பார்த்துட்டு வந்து ஒண்ணு விடாம எனக்குச் சொல்லணும்."

"அதுக்கென்ன, சொல்றேன்" என்று குக்குறுவான் பழத்தை அலகில் வாங்கிக்கொண்டான். ஆற்றின் மேல் பறந்தான். கனமான பழம், கொஞ்சம் தாழ்ந்துதான் பறந்தான். அக்கரை அத்தியில் போய் உட்கார்ந்தான்.

அந்த மரத்தில் அணிலே கிடையாது. அன்றும் இல்லை, என்றும் இருந்ததில்லை. புதிதாகக் காய்த்த பிஞ்சுகளும், ஒவ்வொரு பிஞ்சின் வாசலிலும் மஞ்சள் பூசிய பொடிசுகளும்தான் இருந்தார்கள்.

குக்குறுவான் ஒரு நல்ல நிழலாகப் பார்த்து நகர்ந்து உட்கார்ந்தான். பழத்தை ஆற அமரத் தின்றான். ஒருத்தியோடு நின்று பேசிவிட்டு வருகிற அளவுக்கு நேரம் போகட்டும் என்று கொஞ்சம் கண்ணயர்ந்தான். பிறகு எழுந்து அலகை இந்தப் பக்கம் ஒரு தேய், அந்தப் பக்கம் ஒரு தேய் தேய்த்துத் துடைத்துக்கொண்டு திரும்பிப் பறந்தான்.

செம்பி ஆற்றோரக் கிளையின் நுனியில் தொங்கிக்கொண்டு காத்திருந்தாள்.

"தின்னாளா? என்ன சொன்னா? முகம் எப்படிப் போச்சு?"

"ஒரு வார்த்தை பேசலே புள்ளே" என்றான் குக்குறுவான். "முகம் இவ்வளவூண்டாச் சுருங்கிப் போச்சு. ஆனாலும் வாய்விட்டுத் தோத்தேன்னு சொல்லலே. நாளைக்கு இதைவிடப் பெரிசா ஒண்ணு கொடுத்துவிடு, சொல்ல வைக்கிறேன்."

நீதி: அடுத்தவர் வரும் வழியைப் பொறாமையால் அடைப்பவர், தம் பிள்ளைக்கு வரும் சோற்றையே அடைக்கிறார்.